ஜிபிஎல்லா எம்ஐடியா: ஓர் அர்ச்சனைச் சீட்டு காட்டிக்கொடுத்தது

போன வருஷம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்துக் கோயிலில் மகள் பேரில் ஓர் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். அவள் நட்சத்திரம் திருவாதிரை. சீட்டில் 'திருவாதிறை' என்று அச்சாகியிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வேர்த்தது, ஏனென்றால் அந்தத் தப்பு என்னுடையது.

நாலு வருஷத்துக்கு முன் பினாங்கில் எங்கள் வட்டாரக் கோயிலுக்கு ஒரு சீட்டு மென்பொருள் எழுதினோம், நானும் பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பியும், சனி ஞாயிறுகளில் ஒட்டுக்கடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு. பெயர், நட்சத்திரம், ராசி, தொகை, தெர்மல் பிரிண்டரில் ஒரு சீட்டு, ராத்திரி கணக்கு முடிக்க ஒரு பக்கம், அவ்வளவுதான். 27 நட்சத்திரங்களையும் தட்டினது நான். இரண்டு மாதம் கழித்து குருக்கள் சொல்லித்தான் அந்த றகரத்தைத் திருத்தினேன். திருத்துவதற்கு முந்தின பதிப்பை, நாங்கள் நிரலைப் பொதுவில் போட்டிருந்த கிட்ஹப் தளத்திலிருந்து யாரோ எடுத்துப்போய், மேலே தங்கள் லோகோவை ஒட்டி, பேராக் வரைக்கும் விற்றிருக்கிறார்கள்.

கவுண்டரில் இருந்த கிராணி அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். "கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்தது தம்பி, வருஷத்துக்கு இவ்வளவுன்னு கட்டுறோம். இந்த எழுத்து தப்புன்னு நாங்களும் சொல்லிப் பார்த்தோம், மாத்தணும்னா தனி சார்ஜ்ங்கிறான்." என் தப்பைத் திருத்த, எனக்குத் தெரியாத ஒருவருக்குத் தனிக்கட்டணம். உதவிப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். கடைசியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவு எழுத்தில், எங்கள் இரண்டு பேர் பெயரும், யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கலாம் என்று நாங்கள் போட்டிருந்த எம்ஐடி உரிம வாசகமும் ஒழுங்காக இருந்தன. அதாவது அவர்கள் செய்ததில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. எனக்கு வயிற்றெரிச்சல் மட்டும்தான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் உரிமங்களை, அதாவது நம் நிரலை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் எம்ஐடி, ஜிபிஎல் போன்ற வாசகங்களை, நிஜமாகவே உட்கார்ந்து படித்தேன். அதற்கு முன்னால் எம்ஐடியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், கிட்ஹப் பட்டியலில் அது கையருகே இருந்தது, சின்னதாகவும் இருந்தது.

முதலில் ஒன்று: உரிமமே போடாமல் விட்டால் என்ன? "இணையத்தில்தானே போட்டிருக்கேன், எடுத்துக்கட்டும்" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது நேர் எதிர். எழுதிய உடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, யாரிடமும் போய்ப் பதிய வேண்டியதில்லை, மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஆக உரிம வாசகம் இல்லாத நிரல் பூட்டிய வீடு. ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், உள்ளே போக முடியாது. நல்ல மனசோடு பகிர்கிறவர்கள் இப்படிப் பூட்டிவிட்டுப் போவதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

சரி, எம்ஐடி. மொத்தம் மூன்று பத்தி. எடு, மாற்று, விற்பாய் என்றால் விற்றுக்கொள், எங்கள் பெயரையும் இந்த வாசகத்தையும் மட்டும் எடுக்காதே, ஏதாவது உடைந்தால் எங்களைத் தேடி வராதே. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த பிஎஸ்டி உரிமமும் ஏறக்குறைய இதே ரகம் (அதன் பழைய வடிவத்தில் விளம்பரங்களிலும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட வேண்டும் என்று ஒரு தொல்லை இருந்தது, பெர்க்லி 1999-இல் அதை எடுத்துவிட்டது). வாங்குகிறவர் மேல் சுமையே இல்லை. மூலநிரலை, அதாவது திறந்து திருத்தக்கூடிய சோர்ஸ் கோடை, திருப்பிக் கொடு என்று கேட்கவே கேட்காது.

ஜிபிஎல் பெரிய பத்திரம். மூன்றாம் பதிப்பில் 0-இல் தொடங்கி 17 வரை பிரிவுகள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார், இரண்டாவது 1991, மூன்றாவது 2007. ஆனால் அதன் உயிர் ஒரே இடத்தில்தான்: நீ எடு, மாற்று, விற்றாலும் சரி, ஆனால் யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூலநிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடு. நீ திறந்து வாங்கியதைப் பூட்டி விற்காதே.

இங்கே இரண்டு தப்பெண்ணங்களைத் தட்டிவிட வேண்டும். ஜிபிஎல் என்றால் காசு வாங்கக் கூடாது என்பது ஒன்று. தாராளமாக வாங்கலாம். ஆங்கிலத்தில் 'இலவசம்', 'சுதந்திரம்' இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஸ்டால்மன் பக்கத்து ஆட்கள் நாற்பது வருஷமாக விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்தத் தலைவலி இல்லை, 'கட்டற்ற மென்பொருள்' என்று சொன்னால் காசைப் பற்றிய பேச்சே எழாது. இன்னொன்று, ஜிபிஎல் நிரலில் கை வைத்தால் உடனே உலகத்துக்கெல்லாம் வெளியிட வேண்டும் என்ற பயம். இல்லவே இல்லை. எங்கள் கோயிலுக்குள்ளேயே மாற்றி எங்கள் கவுண்டரிலேயே ஓட்டினால் யாருக்கும் எதுவும் காட்ட வேண்டாம். இன்னொருவர் கைக்கு மாற்றிக் கொடுக்கும்போதுதான் கடமை வருகிறது, அதுவும் வாங்கிக்கொண்டவரிடம்தான்.

இதை அந்தப் பேராக் கோயிலுக்குப் பொருத்திப் பாருங்கள். அதே கம்பெனி, அதே விலை, ஜிபிஎல் உரிமம் என்று வையுங்கள். வியாபாரம் நடந்திருக்கும், எனக்கு ஒரு சென் வந்திருக்காது. ஆனால் கிராணி அண்ணன் "சோர்ஸ் கோடு கொடு" என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும். கோயில் பக்கத்தில் கணினி படிக்கிற பையன் ஒருவன் ஐந்து நிமிஷத்தில் றையை ரையாக்கியிருப்பான். இரண்டு உரிமங்களுக்கும் உள்ள வித்தியாசம் என் சட்டைப்பையில் தெரியாது, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் கையில்தான் தெரியும்.

பெரிய ஆட்கள் கதையிலும் இதேதான். ஆண்ட்ரூ தனன்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ் என்ற இயங்குதளம் 2000-இல் பிஎஸ்டி உரிமத்துக்கு வந்தது. பிற்பாடு இன்டெல் அதை எடுத்துத் தன் சில்லுகளுக்குள் இருக்கும் மேலாண்மைப் பகுதியில் வைத்துக்கொண்டது. கணினியின் சொந்தக்காரர் கண்ணிலேயே படாத ஓர் உள்ளறை அது. 2017-இல் விஷயம் ஊருக்குத் தெரிந்தபோது தனன்பாம் இன்டெலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்: சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்கிற தொனியில். இன்டெல் 1972-இலேயே பினாங்கில் ஆலை போட்ட கம்பெனி, பாயான் லெப்பாஸில் பாதிக் குடும்பங்களில் யாராவது ஒருவர் அந்த வாசலைக் கடந்திருப்பார்கள். அந்த மடலைப் படித்தபோது தனன்பாமும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல எனக்கு ஒரு நினைப்பு, அளவில் மலைக்கும் மடுவுக்கும் என்றாலும்.

இப்போது எதிர்ப்பக்கம். அதே மினிக்ஸை வைத்துப் பழகிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டார். முதலில் காசுக்கு விநியோகிக்கக் கூடாது என்று அவரே ஓர் உரிமம் எழுதியிருந்தார், 1992-இல் அதை விட்டு ஜிபிஎல்லுக்கு மாறினார். பத்துப் பதினோரு வருஷம் கழித்து லிங்க்சிஸ் என்ற நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல் என்பதால் "மூலநிரல் எங்கே?" என்று கேட்க முடிந்தது, 2003-இல் வெளியிட்டார்கள். அதிலிருந்துதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் இயங்குதளம் முளைத்தது, இன்றைக்கும் கம்பெனிக்காரன் கைவிட்ட பழைய ரௌட்டர்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுமே பெட்டிக்குள் ஒளிந்திருந்த நிரல்தான். ஒன்றில் கடைசியில் ஒரு மடல் மிஞ்சியது, மற்றதில் ஓர் இயங்குதளம்.

அதற்காக எம்ஐடியை வில்லனாக்க மாட்டேன். நூலகம் (லைப்ரரி, மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) மாதிரி அடியில் கிடக்கிற நிரலுக்கு அதுதான் சரி. தமிழ் எழுத்துகளைப் பிரித்து, எண்ணி, அகரவரிசைப்படுத்தித் தரும் ஓப்பன்-தமிழ் நூலகம் எம்ஐடியில்தான் இருக்கிறது, அதனால் யார் வேண்டுமானாலும் யோசிக்காமல் எடுத்துத் தங்கள் செயலியில் போடலாம். தமிழில் இன்னும் சரியாக வரிசைப்படுத்தத் தெரியாத மென்பொருள்கள் எத்தனை கிடக்கின்றன, பூட்டின செயலிக்காரர்கூட எடுத்துப் போடட்டும், 'க்ஷ' சரியான இடத்தில் வந்தால் நமக்குப் போதும். அதே வட்டாரத்தில் பிறந்த எழில் நிரல்மொழிக்கு ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. அடியில் போகும் செங்கல்லுக்கு ஓர் உரிமம், மேலே எழும் வீட்டுக்கு இன்னொன்று. எனக்குப் பிடித்த பிரிவு அது.

ஜிபிஎல்லுக்குச் சிக்கலும் உண்டு. 2011 தொடக்கத்தில் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து விஎல்சி என்ற வீடியோ செயலி வெளியே போனது, கடையின் விதிமுறைகளும் ஜிபிஎல்லும் ஒத்துவரவில்லை என்று அதை எழுதியவர்களில் ஒருவரே புகார் கொடுத்ததால். உரிமத்தை மாற்றி 2013-இல்தான் திரும்பி வந்தது. மாற்றுவதற்கு, ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த பங்களிப்பாளர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. எம்ஐடியிலிருந்து ஜிபிஎல்லுக்குப் போவது பினாங்குக் கொடிமலையில் இறக்கத்தில் சைக்கிள் விடுவது மாதிரி, பழைய வாசகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டால் போதும். திரும்ப மேலே ஏறுவதற்குத்தான் ஊரையே கூட்டித் தள்ள வேண்டும்.

அப்பாச்சி 2.0 என்ற இன்னோர் உரிமத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். 2004-இல் வந்தது, எம்ஐடியின் தாராளத்தோடு காப்புரிமைக்கும் (பதிப்புரிமை அல்ல, பேட்டன்ட்) வெளிப்படையாக அனுமதி கொடுக்கிறது, அந்த நிரல் தன் காப்புரிமையை மீறுகிறது என்று ஒருவர் வழக்குப் போட்டால் அவருக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி போய்விடும். பெரிய கம்பெனிகளோடு புழங்கப்போகிறீர்கள் என்றால் எம்ஐடிக்குப் பதில் இதை எடுங்கள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு சேரும், இரண்டாம் பதிப்போடு சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஜிபிஎல்லின் தம்பியான ஏஜிபிஎல்தான் கடைசிப் போட்டியாளர், எங்களை மாதிரி ஆட்களுக்கு இதுவே முக்கியம். ஜிபிஎல்லில் ஒரு சந்து உண்டு: மென்பொருளைக் கையில் கொடுக்காமல் தன் சர்வரிலேயே ஓட்டி, உலாவி வழியாக மட்டும் காட்டினால், அது 'கொடுத்த'தாகவே ஆகாது, மூலநிரலும் தர வேண்டாம். இப்போது எல்லாமே மாதச் சந்தா, எல்லாமே உலாவியில். 2007 நவம்பரில் வந்த ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 13-ஆம் பிரிவு அந்தச் சந்துவழியை அடைக்கிறது. மாற்றியமைத்த நிரலை இணையம் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் மூலநிரல் கிடைக்கச் செய்ய வேண்டும். கூகிள் தன் நிறுவனத்துக்குள் ஏஜிபிஎல் நிரலையே அனுமதிப்பதில்லை என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. "அப்போ யாரும் தொடமாட்டாங்களே அண்ணே" என்று தம்பி கவலைப்பட்டான். அர்ச்சனைச் சீட்டுக்குக் கூகிள் வரப்போவதில்லையடா என்றேன்.

தம்பி இன்னும் எம்ஐடி கட்சிதான். அவன் வாதத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை: "நாம எழுதினது பினாங்கில ஒரு கோயில்லதான் ஓடுச்சு. அவங்க எடுத்துட்டுப் போனதாலதான் பேராக் வரைக்கும் போச்சு. ஜிபிஎல் போட்டிருந்தா அவங்க தொட்டே இருக்க மாட்டாங்க, அந்தக் கோயில் இன்னும் கார்பன் பேப்பர்லதான் எழுதிக்கிட்டு இருக்கும்." பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பரவுவதுதான் முக்கியம் என்றால் அவன் சொல்வது சரி. போய்ச் சேர்ந்த இடத்தில் திருத்த முடிய வேண்டும் என்பது என் கட்சி. தே தாரிக் ஆறிப்போனதுதான் மிச்சம், இரண்டு பேரும் அசையவில்லை.

கடைசியில் பாதிப்பாதியாகப் பிரித்தோம். பிறந்த நேரத்தை வைத்து நட்சத்திரம் கணிக்கும் பகுதியைத் தனி நூலகமாக வெட்டி எம்ஐடியிலேயே விட்டோம், சீட்டு மென்பொருள் இனி ஏஜிபிஎல். சீட்டில் வரும் நோட்டோ தமிழ் எழுத்துருவுக்கு ஓஎஃப்எல் என்று தனி உரிமம் இருக்கிறது, எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது என்பது தவிர அதில் எங்களுக்குத் தலைவலி எதுவும் இல்லை.

இதைச் செய்யும்போதுதான் இன்னொரு குழி கண்ணில் பட்டது, மலேசியாவில் எழுதுகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு எழுதித் தந்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே போய்விடும். வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கு. அதாவது கோயில் நிர்வாகம் கேட்டு நாங்கள் எழுதியது என்றால், எம்ஐடியோ ஏஜிபிஎல்லோ, போடுகிற அதிகாரமே எங்களுக்கு இருந்ததா என்பது கேள்வி. தலைவர் நல்ல மனிதர், உரிமை எங்களுக்கே என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போனதும், "இதுக்கு ஏன் தம்பி இவ்வளவு யோசனை" என்று படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் புது உரிமம் புதுப் பதிப்புக்குத்தான். எம்ஐடியில் வெளியே போன பழையதைத் திருப்பிக் கூப்பிட முடியாது. திருத்தின நிரல் எங்கள் கிட்ஹப்பில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கிடக்கிறது, பூட்டின பெட்டிக்குள் அதைப் போட வழியில்லை. போன மாதம் உறவுக்காரரோடு தொலைபேசியில் பேசும்போது விசாரித்தேன். திருவாதிரைக்காரர்கள் வந்தால் கிராணி அண்ணன் இன்னமும் பிரிண்டர் பக்கத்தில் வைத்திருக்கும் பேனாவை எடுத்து, றையை அடித்து, மேலே ரை எழுதித்தான் கொடுக்கிறாராம்.