தண்ணீரைப் பீய்ச்சி சாக்கடை அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் வண்டிக்கு அரசு மானியம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் ஏமாறாதீர்கள்

பெங்களூரில் பாதாளச் சாக்கடை வேலை பார்க்கும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள்.

ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனும் அவனோடு வேலை பார்க்கும் இரண்டு பேரும் கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்கு அடைப்பு எடுப்பவர்கள். போன வருஷம் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார், தமிழ்க்காரர்தான். "அண்ணே, கவர்ன்மென்ட் பணத்துல மெஷின் வந்துடும், இனி நீங்க குழிக்குள்ள இறங்கவே வேண்டாம்" என்றார். இறங்கிப் போனவர் ஏறி வரும்வரை காத்திருக்கும் வீடுகளில் இதைவிடப் பெரிய ஆசை எது? ஆளுக்கு 15,000 ரூபாய் ஃபைல் சார்ஜ், ஆதார், பான் நகல், கையெழுத்து மட்டும் போட்ட காசோலை எல்லாம் வாங்கிக்கொண்டார். அப்புறம் சிங்க முத்திரையோடு ஒரு சாங்ஷன் லெட்டர் வாட்ஸ்அப்பில் வந்தது. பங்குத் தொகை என்று இன்னொரு 60,000 ரூபாய், அதுவும் அவருடைய சொந்த யுபிஐ கணக்குக்கு. அதோடு போன் சுவிட்ச் ஆஃப்.

லெட்டரில் இருந்த வங்கிக் கிளைக்கு அவர்களோடு நானும் போனேன். அப்படி விண்ணப்பமே வரவில்லை என்றார் மேலாளர்.

திட்டம் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 2023-ல் வந்த நமஸ்தே திட்டத்தை, துப்புரவுத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு நிறுவனமான தேசிய சஃபாய் கர்மசாரி நிதி மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களை நகர அமைப்புகள் கணக்கெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்பு உபகரணம், ஆயுஷ்மான் காப்பீடு, இயந்திரம் வாங்க மானியக் கடன் எல்லாம் அதில் உண்டு. மானியம் தனி ஆளுக்கு 5 லட்சம் வரை, குழுவுக்கு 18.75 லட்சம் வரை. மீதியை நாம்தான் கடனாகக் கட்ட வேண்டும். எதுவும் ஏஜென்ட் கை வழியாக வராது. முதலில் உங்கள் பெயர் அந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி வந்தாலும் அதற்கான வேலை, பெங்களூர் குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் டெண்டரிலிருந்தோ ஒப்பந்தத்திலிருந்தோதான் வரும். அதைப் பற்றி இந்த ஆள் வாயே திறக்கவில்லை.

இன்னொரு வகை மோசடி இதைவிட மோசம். "கையெழுத்து மட்டும் போடுங்க, மாசாமாசம் சம்பளம் தர்றோம்" என்பார்கள். கடன் உங்கள் பெயரில், வண்டி அவர்கள் கையில். தவணை நின்றால் வங்கி உங்கள் வாசலுக்குத்தான் வரும். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

யுபிஐயில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். காசோலை கொடுத்திருந்தால் அன்றே வங்கிக்குப் போய் நிறுத்தச் சொல்லுங்கள். ஆதார், பான் கொடுத்தவர்கள் சிபில் அறிக்கையை (உங்கள் பெயரில் உள்ள கடன்களின் விவரம்) எடுத்து, தங்கள் பெயரில் புதுக் கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகவே கிடைக்கும்.

நாங்கள் போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். அதே ஆள் இப்போது டி.ஜே. ஹள்ளி பக்கம் வீடு வீடாகப் போவதாகக் கேள்வி. அங்கே யாராவது பணம் கொடுத்திருந்தால் லெட்டர், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நீங்களும் புகார் கொடுங்கள்.