ஷாரிங்கனா, ஆறு கண்களா?

இரண்டும் மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகளில் வரும் மாயக் கண்கள். ஒரே வார இதழில், ஷோனென் ஜம்ப்பில், பிறந்தவை. ஷாரிங்கன் என்னும் சிவப்புக் கண், 1999இல் தொடங்கி 2014 வரை ஓடிய நருட்டோ தொடருடையது. 'ஆறு கண்கள்' என்பது 2018இல் தொடங்கிய ஜுஜுட்சு கைசன் தொடரில் கோஜோ சடோரு என்ற பாத்திரத்தின் பார்வைச் சக்திக்குப் பெயர்.

மங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகிறது. அங்கே ஷாரிங்கனைப் பார்த்த உடனே தெரியும். கருமணியைச் சுற்றித் தலைப்பிரட்டை போல வால் நீண்ட மூன்று புள்ளிகள். ஜப்பானியக் கோயில் முரசுகளில் இருக்கும் அதே தோமோயே வடிவம். சிவப்பு இல்லாமலே மிரட்டுகிறது. கோஜோவின் கண்ணுக்கோ நீல நிறம்தான் உயிர். 2020இல் வந்த அனிமேயில், அதாவது அசைபடத் தொடரில், கண்ணைக் கட்டிய கறுப்புத் துணியை விலக்கியதும் வெண்ணிற இமைமுடிகளுக்கு நடுவே அந்த நீலம் பளிச்சிடும்போது மூச்சே நின்றுவிடும்.

கதையில் எது கனமானது? என் மனசு ஷாரிங்கன் பக்கம்தான். நெருங்கியவரை இழந்த வேதனையில்தான் அதன் அடுத்த நிலையான மாங்கேக்யோ விழிக்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்தப் பார்வையும் மங்குகிறது. ஷாரிங்கன் கொண்ட இத்தாச்சி என்ற பாத்திரத்தின் கண்ணில் ரத்தம் வழியும் காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆறு கண்கள் பிறவி வரம். சக்தி வீணாவதை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கும், ஆனால் எல்லாமே தெரிவதால் களைப்பு தரும். அதனால்தான் கண்கட்டு.

அப்புறம், புதிதாகத் தொடங்குபவர் நருட்டோவை மங்காவாகப் படியுங்கள். கோஜோவைத் திரையில் பாருங்கள்.