ஆயிரத்துச் சொச்சமா, ஆறாயிரமா, இருபதாயிரமா: வீட்டு வெல்டிங்குக்கு எந்த ஹெல்மெட்?

வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானா கறுக்கற மூணு ஆட்டோ ஹெல்மெட்டையும் ஒரே நாள்ல, ஒரே மொட்டை மாடியில, ஒரே 2.5 எம்.எம். ராடு போட்டுப் பாக்கற வாய்ப்பு கெடச்சுது, அதான் எழுத உக்காந்துட்டேன். ஒண்ணு நான் மொதல்ல ஆன்லைன்ல ஆயிரத்து இருநூறு சொச்சம் குடுத்து வாங்கின, மண்டை ஓட்டுல நெருப்பு எரியற படம் போட்ட சோலார் ஹெல்மெட். ரெண்டாவது அதுல நொந்துபோய் ஒரு வருஷம் கழிச்சு ஆறாயிரத்துக்குக் கிட்ட குடுத்து வாங்கின பெரிய கண்ணாடி, நாலு சென்சார் மாடல். மூணாவது என்னோடது இல்ல, ஷார்ஜால ஃபேப்ரிகேஷன் யார்டுல வேலை பாக்கற மச்சான் லீவுக்கு வந்தப்ப கொண்டுவந்த ஸ்பீட்கிளாஸ், அது இங்க வாங்கினா மாடலைப் பொறுத்து இருபதாயிரத்தைத் தாண்டிடும்.

என் வேலை என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா அதை வச்சுத்தான் எல்லாமே. மாடித்தோட்ட ஸ்டாண்டு, ஷூ ராக், கொஞ்சம் கேட் ரிப்பேர், எல்லாம் 1 இஞ்ச் ஸ்கொயர் ட்யூப், சின்ன இன்வெர்ட்டர் மெஷின், 70லேர்ந்து 110 ஆம்ப்ஸ். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமை, அவ்ளோதான்.

எதுக்கு ஆட்டோ, இருநூறு ரூபா கை ஸ்க்ரீன் போதாதான்னு கேப்பீங்க. எங்க தெரு பட்டறை அண்ணன் இருபது வருஷமா அதுலதான் அடிக்கறார், டேக் (துண்டு நகராம இருக்க வைக்கற சின்னப் பொட்டு வெல்டு) வைக்கறப்ப அதுகூட இல்ல, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஒரு தட்டு. அவர் கைக்கு அளவு தெரியும், நமக்குத் தெரியாதே. கறுப்புக் கண்ணாடிய மூஞ்சிக்கு நேரா கொண்டுவர்ற அந்த அரை நொடியில ராடு நுனி அரை இஞ்ச் தள்ளிப் போயிடும், ஆர்க் (ராடு நுனியில எரியற அந்த மின்பொறி) வேற எங்கயோ விழும், இல்லேன்னா ராடு ஒட்டிக்கும். அதோட இடது கை ஸ்க்ரீனைப் பிடிச்சிருந்தா ட்யூபை யார் பிடிக்கறது? கத்துக்கறவனுக்குத்தான் ஆட்டோ அதிகமா தேவைங்கறது என் கட்சி. பழகினவங்க எதுலயும் அடிப்பாங்க.

இப்ப எல்லாரும் பயப்படற விஷயம். மலிவு ஹெல்மெட் இருட்டாகாம விட்டுச்சுன்னா கண்ணு போயிடுமா? இதைப் பத்தி ஊர்ல சுத்தற பாதிக் கதை தப்பு. ஹெல்மெட்டுல கண்ணாடி பொருத்தியிருக்கற டப்பாக்குள்ள முன்னாடி ஒரு ஃபில்டர் கண்ணாடி ஒட்டியிருக்கும், அல்ட்ரா வயலட்டையும் இன்ஃப்ரா ரெட்டையும் தடுக்கறது அதுதான், பேட்டரி செத்தாலும் அது பாட்டுக்குத் தடுத்துக்கிட்டே இருக்கும். பேட்டரி, சென்சார், எல்சிடி எல்லாம் வெறும் வெளிச்சத்தைக் குறைக்கறதுக்கு. அதனால ஒருதடவ மிஸ் ஆச்சுன்னா கண்ணு கூசும், திட்டுவீங்க, ஆனா ராத்திரி கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி அரிக்குமே அது பெரும்பாலும் வராது. அது ஹெல்மெட்டே போடாம டேக் வச்சாலோ, பக்கத்துல ஒருத்தர் அடிக்கறத வேடிக்கை பாத்தாலோ வர்றது, அதுவும் ஆறு மணி நேரம் கழிச்சு நடுராத்திரியில எழுப்பும். (வந்தா உருளைக்கிழங்கு, தாய்ப்பால்னு வைத்தியம் பாக்காம கண் டாக்டர்கிட்ட போங்க.) ஆனா இவ்ளோவும் அந்த ஃபில்டர் ஒழுங்கா இருந்தாத்தான். அதனால விலையைப் பாக்கறதுக்கு முன்னாடி கண்ணாடி டப்பாவோட ஓரத்தப் பாருங்க.

அங்க 4/9-13 அப்படின்னு ஆரம்பிச்சு, நடுவுல 1/2/1/2 மாதிரி நாலு நம்பர், கடைசில 379 இருக்கும். 379ங்கறது ஐரோப்பிய ஸ்டாண்டர்டு, ஈ.என். 379 (இப்ப அதுக்குப் பதிலா ஈ.என். ஐ.எஸ்.ஓ. 16321 வந்திருக்கு). அமெரிக்க பக்கம்னா ஆன்சி இசட்87.1. எதுவுமே இல்லாத டப்பான்னா எவ்ளோ அழகா படம் போட்டிருந்தாலும் வேண்டாம். நாலு நம்பர்ல 1 நல்லது, 3 மட்டம்: படம் கோணாம தெரியுதா, பனி மாதிரி மங்குதா, கண்ணாடி முழுக்க ஒரே இருட்டா, சாய்ச்சுப் பாத்தாலும் அதே இருட்டா, இந்த வரிசை. நாலாவது நம்பரை யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா கேட்டுக்கு அடியில மல்லாந்து படுத்து அடிச்சுப் பாருங்க, அப்ப தெரியும், மலிவு ஹெல்மெட்ல ஒரு ஓரம் திடீர்னு வெளுத்துப் போயிருக்கும்.

ஸ்பீடு பத்தி விளம்பரம்தான் ஜாஸ்தி. 10,000ல ஒரு பங்கு நொடி, 25,000ல ஒரு பங்கு நொடி... நம்ம கண்ணு சிமிட்டவே பத்துல ஒரு பங்கு நொடிக்கு மேல ஆகும். நாள் முழுக்க ஆயிரம் டேக் வைக்கற மச்சானுக்கு சாயங்காலம் கண்ணு வலிக்கறதுல வித்தியாசம் தெரியலாம், எனக்கு மூணுலயும் சத்தியமா ஒண்ணுதான். இதுக்குன்னு ஒரு ரூபா கூட அதிகம் குடுக்காதீங்க.

காசு எங்க தெரியுதுன்னா, ஆர்க் அடிக்கறதுக்கு முன்னாடி தெரியற காட்சியில. மேல சொன்ன 4/9-13ல அந்த 4தான் சும்மா இருக்கறப்ப உள்ள இருட்டு. 3ன்னு போட்டா கண்ணாடி சுமார் 14 சதவீத வெளிச்சத்த உள்ள விடும், 4ன்னா 5 சதவீதம்தான். ஒவ்வொரு நம்பருக்கும் ஏறக்குறைய 2.7 மடங்கு வித்தியாசம், கணக்கே அப்படித்தான் போட்டு வச்சிருக்காங்க. என் மண்டை ஓட்டு ஹெல்மெட் 4, அதுவும் பாசி பிடிச்ச தொட்டிக்குள்ள மூழ்கிப் பாக்கற மாதிரி ஒரே பச்சை. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல ட்யூபுல சாக்பீஸ் கோடு எங்கன்னே தெரியாம ஹெல்மெட்ட தூக்கித் தூக்கிப் பாத்து, அப்புறம் ஆட்டோவுக்கு என்னத்துக்குக் காசு குடுத்தேன்னு ஆயிடுச்சு. ரெண்டாவது ஹெல்மெட் 3.5ஆ 3ஆன்னு பாத்தா 3, நிறமும் கிட்டத்தட்ட இயல்பா தெரியுது, செம்மண் ப்ரைமர் செம்மண்ணாவே இருக்கு. ஆர்க் எரியறப்பவும் உருகின குட்டை எது, மேல மிதக்கற ஸ்லாக் (கசடு) எதுன்னு பிரிச்சுப் பாக்க முடிஞ்சதே அப்புறம்தான். என் வெல்டிங் திருந்தினதுக்குப் பாதிக் காரணம் அந்தக் கண்ணாடி, மீதிதான் பழக்கம்.

காட்சி அளவும் சேந்துக்கும். மலிவுல 92க்கு 42 எம்.எம். ஜன்னல், பெருசுல 100க்கு 60, இன்னும் பெருசாவும் வருது. ஒண்ணரை மடங்கு ஏரியாதானேன்னு நெனச்சேன், ஆனா அந்த உயரம் கூடறதுதான் விஷயம், குனிஞ்சு அடிக்கறப்ப கழுத்த ஒடிக்க வேண்டாம்.

அடுத்தது சென்சார், ஆர்க் வெளிச்சத்தப் பாத்து கண்ணாடியைக் கறுக்க வைக்கறது. ரெண்டு இருந்தா மேஜை மேல வச்சு அடிக்கற வேலைக்குத் தாராளம். ஸ்டாண்டோட உள் மூலைக்குள்ள தலையை விட்டு அடிக்கறப்ப நடுவுல ஒரு ட்யூப் மறைச்சுதுன்னா அவ்ளோதான், கறுக்கும், வெளுக்கும், கறுக்கும், டிஸ்கோ லைட் மாதிரி. நாலு சென்சார்ல இது எனக்கு ஒருதடவ கூட ஆகல. மாடியில வெயில்ல இன்னொரு தொல்லை, சென்ஸிடிவிட்டி கூட வச்சிருந்தா வெயில் பட்டே கறுத்துக்கும். குறைச்சு வைக்கணும், பின்னாடிலேர்ந்து வெளிச்சம் உள்ள வராம தலையில ஒரு துண்டைத் தொங்கவிட்டுக்கணும், ஆறாயிரம் ஹெல்மெட்டுக்கும் அதே துண்டுதான்.

ஷேடு, அதாவது கறுத்தப்புறம் எவ்ளோ இருட்டு (4/9-13ல அந்த 9-13), அந்த விஷயத்துல சண்டையே இல்ல. 40லேர்ந்து 80 ஆம்ப்ஸுக்கு 10, அதுக்கு மேல 175 வரைக்கும் 11, மூணு ஹெல்மெட்லயும் இது இருக்கு. 5லேர்ந்து 13னு போட்டிருந்தா கேஸ் கட்டிங்குக்கும் ஆகும், நமக்கு எங்க கேஸ் கட்டிங். டிக் (TIG, இன்னொரு வகை வெல்டிங்) அடிக்கற ஆசை இருந்தா மட்டும் குறைஞ்சபட்சம் எத்தனை ஆம்ப்ஸ்ல ஆர்க்கைக் கண்டுபிடிக்கும்னு பாருங்க, 5 ஆம்ப்ஸ்னு போட்டிருந்தா நல்லது. மலிவுல அதை எழுதவே மாட்டாங்க. கிரைண்டிங் மோடு கட்டாயம் இருக்கணும், அது இல்லாம கட்டிங் வீல் பொறியிலயே கறுத்துக்கிட்டு உயிரை வாங்கும்.

சரி, மச்சானோட ஸ்பீட்கிளாஸ். 1981ல ஸ்வீடன்ல இந்தத் தானா கறுக்கற கண்ணாடியை முதல்ல கொண்டுவந்ததே அவங்கதான், இப்ப த்ரீஎம் கையில இருக்கு. போட்டுப் பாத்தா கண்ணாடியில எனக்கும் அதுக்கும் பெரிய தூரம் இல்ல, உண்மையச் சொன்னா என்னுதோட ஜன்னல் பெருசு. ஆனா தலைப்பட்டை... அடடா. எடை நெத்தியில உக்காராம மண்டை முழுக்கப் பரவுது, தூக்கிவிட்டா நிக்குது, தலையசைச்சா சரியான எடத்துல இறங்குது. மலிவுல ரெண்டு மாசத்துல திருகு பல் தேஞ்சு, அடிக்கறப்பவே மூக்கு மேல இறங்கும். மச்சான் சொன்னது, "மாப்ள, எட்டு மணி நேரம் போட்டுக்கிட்டுப் பாரு, அப்ப தெரியும் காசு எங்க போச்சுன்னு." நான் எட்டு மணி நேரம் போடப்போறதில்ல. ஈசாப், லிங்கன், மில்லர், ஆப்ட்ரெல் மாதிரி மத்த பிராண்டு மேல் மாடல்களுக்கும் என் பதில் இதேதான், தொழிலா செய்யறவங்க வாங்கட்டும்.

விலைப் பட்டியல்ல தெரியாத ஒண்ணு, ஸ்பேர். முன்னாடி இருக்கற ப்ளாஸ்டிக் தகடு பொறி பட்டுப் பட்டு அம்மை போட்ட மாதிரி ஆயிடும், அதைத்தான் அடிக்கடி மாத்தணும். பேர் தெரியாத ஹெல்மெட்டுக்குத் தகடு தேடி நான் அலைஞ்சு, கடைசியில பாலிகார்பனேட் ஷீட் வாங்கி வெட்டிப் போட்டேன். பேட்டரியும் கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும். சோலார்னு போட்டிருந்தாலும் நெறைய மாடல்ல உள்ள பேட்டரிய சால்டர் பண்ணி மூடியிருப்பாங்க, அது செத்தா மொத்தமும் போச்சு. நாப்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவங்க உள்ள பூதக்கண்ணாடி சொருக எடம் இருக்கான்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

வந்ததும் டிவி ரிமோட்ட சென்சாருக்கு நேரா காட்டி அமுக்குங்க, நெறைய மாடல் டக்குனு கறுக்கும். வெயில்ல நிறுத்தின கார் டேஷ்போர்டுல மட்டும் வச்சிடாதீங்க, எல்சிடி தாங்காது.

ஆக என் ஓட்டு நடுவுல இருக்கறதுக்கு. ஒரே ஒரு ஸ்டாண்டு அடிச்சுட்டு மெஷின பரண்ல போடப்போறீங்கன்னா மட்டும் 379 பொறிச்ச மலிவு ஒண்ணு போதும், பகல்ல அடிங்க. எங்க வீட்டுல அந்த மண்டை ஓட்டு ஹெல்மெட் இப்பவும் வேலையிலதான் இருக்கு, எதிர்ப்பக்கம் ட்யூபைப் பிடிச்சுக்கற என் பையன் தலையில. முன்னெல்லாம் "கண்ணை மூடிக்கடா"ன்னு கத்திட்டு அடிப்பேன், அவன் ஒத்தக் கண்ணால பாப்பான்.