எம்-சாண்ட்: இரண்டு லோடு, ஒரு மாடி அறை

லால்குடியில் எங்கள் வீட்டு மாடியில் 10-க்கு 12 அளவில் ஓர் அறை கட்டி முடித்து மூன்று மாதம் ஆகிறது. சிமெண்ட், கம்பி பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. மணலைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆற்று மணலுக்குப் பதிலாகக் கல்லை உடைத்துச் செய்கிற மணல்தான் எம்-சாண்ட். அந்த ஒரே பெயரில் எங்கள் வாசலில் இரண்டு வேறு சரக்கு வந்து இறங்கியது.

ஆற்று மணலை நான் தேடவே இல்லை. அன்பில் பக்கம் கொள்ளிடக்கரையில் வளர்ந்தவள். சின்ன வயதில் ஆற்றில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று வரும். அம்மா கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதே மாதம் திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. மணல் அள்ளியதால்தான் என்று ஊரே பேசியது. பழைய கட்டுமானம் என்றது அரசுத் தரப்பு. எப்படியோ, அந்த மணலை என் வீட்டுச் சுவரில் பூச மனசு வரவில்லை.

முதல் லோடை பக்கத்துக் கடை ஒன்றில் சொன்னேன். இரண்டு யூனிட், லாரி வாடகையோடு யூனிட் 6,500 ரூபாய். ஒரு யூனிட் என்றால் 100 கனஅடி. கொட்டுவதற்கு முன் டேப் பிடித்து அளந்தேன்: நீளம் 10 அடி, அகலம் 6 அடி, உயரம் 2 அடி 9 அங்குலம். பெருக்கினால் 165 கனஅடிதான். கேட்டதற்கு, "வழியில ஆட்டத்துல அமுங்கிடுச்சுங்க" என்றார் டிரைவர். சரக்கு எந்தக் குவாரியிலிருந்து வருகிறது என்று காட்டும் நடைச்சீட்டைக் கேட்டேன். "கடைக்காரர்கிட்ட இருக்குங்க." கடைக்காரரிடமும் இல்லை.

அன்று சாயந்திரம் கொத்தனார் ஒரு பிடி அள்ளி ஊதினார். கையில் பாதி பறந்தது. "டீச்சர், இது மணல் இல்ல, டஸ்ட்" என்றார். காலித் தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு இதைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் மேலே இரண்டு விரற்கடை சேறு. ஜல்லி உடைக்கும்போது உதிர்கிற கிரஷர் தூளை அப்படியே அள்ளி, பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். திரும்ப எடுக்கவில்லை, பணமும் தரவில்லை. பின்கட்டுப் பள்ளத்தை அதை வைத்து நிரப்பினேன். 13,000 ரூபாய்க்கு ஒரு பள்ளம் மூடியாயிற்று!

இரண்டாவது லோடு வேறு கடை. யூனிட்டுக்கு 700 ரூபாய் கூடுதல். ஆனால் அளவு சரியாக இருந்தது, நடைச்சீட்டும் கேட்காமலே வந்தது. பார்த்ததுமே வித்தியாசம் தெரியும். தூள் சாம்பல் மாதிரி தட்டையாக இருக்கும்; இது நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், பருக்கை பருக்கையாக, ஈரத்தோடு இருந்தது. கருங்கல்லை ஜல்லியாக உடைத்து, கல்லோடு கல் மோதுகிற இன்னொரு இயந்திரத்தில் சுழற்றி அடித்து, 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கழுவி எடுத்தால்தான் இந்த உருவம் வரும். மிக நுண்ணிய தூள் எடையில் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. ஆற்று மணலுக்கு அது 3 சதவீதம்தான். இந்தச் சலுகையின் பின்னால்தான் முதல் கடைக்காரர் மாதிரி ஆட்கள் ஒளிந்துகொள்கிறார்கள்.

கான்கிரீட்டுக்கு இது அருமையான சரக்கு. களிமண் கட்டி இல்லை, கிளிஞ்சல் இல்லை, சலிக்கிற கூலி மிச்சம். குறை என்றால், கலவை கொஞ்சம் முரடு. கொஞ்சம் அசந்தால் சித்தாள் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிடுவார். அங்கேதான் வெடிப்பு வரும். தளத்தில் பாத்தி கட்டி பதினான்கு நாள் தண்ணீர் நிறுத்தினோம், ஒரு கீறல்கூட இல்லை. பூச்சுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு இன்னும் சன்னமான பி-சாண்ட் தனியாக இருக்கிறது. நான் ஒன்றரை யூனிட் வாங்கினேன்.

இந்த நடைச்சீட்டில் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் இருந்தது. பெரியம்மா மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். போன் போட்டேன். "உனக்கு மணல் வந்துடுச்சா? எங்களுக்கு வெடிச் சத்தம்தான் வருது" என்றார் அக்கா. மதியம் வெடி வைக்கும்போது அடுப்படித் தட்டு கிணுகிணுக்குமாம். முருங்கைக் கீரையை மூன்று தடவை அலசினாலும் நறநறக்கிறதாம். அந்தத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் தழும்பாகிவிடும்; அதை மாற்ற மருந்து கிடையாது. நல்ல எம்-சாண்ட் என்றால் கழுவிய எம்-சாண்ட் என்று மேலே எழுதினேன் இல்லையா, கழுவுகிற தண்ணீர் அவர்கள் ஊர் ஆழ்குழாயிலிருந்து வருகிறது.

அந்தப் பக்கம் சட்டவிரோதக் குவாரிகள் மேல் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 அன்று டிப்பர் லாரி மோதி இறந்தார். கொலை வழக்காகி, குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். இதைச் செய்தித்தாளில் படித்தபோது எங்கோ நடந்தது மாதிரிதான் இருந்தது. அந்தத் தாலுகாவின் பெயர் என் வீட்டு நடைச்சீட்டில் இருந்தபோது அப்படி இல்லை.

முதலில் 12-க்கு 14 அறையும் முன்னால் ஒரு சிட்அவுட்டும் திட்டமிட்டிருந்தேன். அக்காவிடம் பேசிய பிறகு சிட்அவுட்டை விட்டுவிட்டேன், அறையையும் குறைத்தேன். கொத்தனாருக்கு வருத்தம்தான். பழைய கைப்பிடிச் சுவரை இடித்த செங்கல்லில் முழுசாக இருந்ததைத் தட்டி எடுத்து மறுபடி கட்டச் சொன்னேன். அதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

சரி, மதிப்பெண். இரண்டாவது கடைச் சரக்குக்கு ஐந்துக்கு நான்கு. முதல் கடைக்குப் பூஜ்யம். ஆற்றைக் காப்பாற்றும் மணல் என்று பச்சை இலைப் படம் போட்டு எம்-சாண்டை விற்கிற விளம்பரப் பலகைக்கு ஒன்றரை: ஆறு தப்பித்தது நிஜம்தான், பள்ளம் மலைக்குப் போயிருக்கிறது. வாங்குபவர்கள் டேப்பும் காலி பாட்டிலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடைச்சீட்டு இல்லாத லாரியைக் கொட்ட விடாதீர்கள்.

பால் காய்ச்சிய அன்று அக்கா வந்திருந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தச் சீட்டு எங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து, சர்வே எண் தெரிகிற மாதிரி போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தார்.