மூன்றாம் தொகுதியில் எது: ஊடகமா, ஐ.சி.ரி.யா?

இலங்கையில் ஒன்பதாம் தரம் முடிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு படிவம் வந்து சேரும். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றையும் மூன்று பாடத் தொகுதிகளில் இருந்து தொகுதிக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் முதலிரண்டு தொகுதியும் சத்தமில்லாமல் முடிந்தன. மூன்றாவதில் பெறாமகள் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்றாள், அண்ணி ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) என்றார். நடுவில் அகப்பட்ட நான் இரண்டு பாடப்புத்தகத்தையும் ஒரு கிழமை வைத்து வாசித்தேன்.

ஐ.சி.ரி. எடுத்தால் பிள்ளை கணினிக்கு முன்னாலேயே இருக்கும் என்பது பெற்றோரின் கற்பனை. புத்தகத்தைத் திறந்தால் கணக்கு வாசம்தான் அடிக்கிறது. துவித எண்ணைப் பதினறும எண்ணாக மாற்று, தர்க்கப் படலைக்கு உண்மை அட்டவணை எழுது, பாய்ச்சற் கோட்டுப்படம் கீறு, பஸ்கால் என்ற கணினி மொழியில் நிரல் எழுது. (உயர்தரத்துக்குப் போனால் பைதன். பஸ்காலைப் பிறகு யார் தேடப் போகிறார்கள்?) விரிதாளும் தரவுத்தளமும் உண்மையிலேயே பிரயோசனமானவை. இதன் பெரிய பலம், விடை ஒன்று சரி அல்லது பிழை என்பது. கணிதத்தில் கை ஓடுகிற, பந்தி எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிற பிள்ளைக்கு ஏ எடுக்க இதைவிட நேரான வழி இல்லை.

ஊடகப் பாடத்தில் அந்த நேர்வழி கிடையாது. ஒரே பாடம் ஒரு வகுப்பில் அருமையாகவும் பக்கத்துப் பாடசாலையில் வெறும் பாடமாக்கலாகவும் இருக்கும். உதயதாரகைப் பத்திரிகை 1841, கொழும்பு வானொலி 1925, ரூபவாஹினித் தொலைக்காட்சி 1982 என்று ஆண்டுகளை ஒப்புவித்தே இரண்டு வருடத்தை ஓட்டிவிடலாம். ஆனால் ஒரே நாளின் வீரகேசரியையும் தினகரனையும் மேசையில் விரித்து, ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு ஏன் என்று கேட்கிற ஆசிரியர் வாய்த்தால் கதையே வேறு. ஒன்று தனியார் பத்திரிகை; மற்றது 1973இல் அரசின் கைக்குப் போன லேக் ஹவுஸ் நிறுவனத்தின் வெளியீடு. ‘யார், என்ன, எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு’ என்ற, அமெரிக்க அறிஞர் லாஸ்வெல்லின் 1948ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சூத்திரம் அப்போதுதான் மனப்பாட வரியாக இல்லாமல் கேள்வியாக மாறும். அந்தக் கேள்விக்குப் பந்தி பந்தியாக விடை எழுதிப் பழகிய கை, தமிழ்ப் பாடத்திலும் வரலாற்றிலும் தானாக ஓடும். எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனதே அதனால்தான்.

ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது ஆசிரியரைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் ஊடகப் பாடவேளை, தமிழ் ஆசிரியருக்கு நேரம் மிஞ்சினால் மட்டும் நடந்தது. அப்படியான இடமென்றால் யோசிக்காமல் ஐ.சி.ரி. எடுங்கள்.

சுகாதாரமும் உடற்கல்வியும் என்று மூன்றாவது ஆளும் இதே தொகுதியில் இருக்கிறார். ‘லேசு’ என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் அவரிடம் போகிறார்கள். மைதானத்தை விட்டு வராத பிள்ளைக்கு அது பொருத்தம். மற்றவர்கள் கரப்பந்தாட்ட மைதானத்தின் அளவுகளைப் பாடமாக்கிக்கொண்டு இருப்பார்கள்.

‘இப்ப ஐ.சி.ரி. விட்டா பிறகு கம்பியூட்டர் பக்கமே போகேலாது’ என்பது அண்ணியின் பயம். அப்படியில்லை. உயர்தரக் கலைப்பிரிவில் இரண்டு பாடமும் இருக்கின்றன. தொழினுட்பப் பிரிவின் மூன்றாவது பாடத்துக்கான பட்டியலிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஊடகத்தைத் தொடர விரும்பினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று துறையே இருக்கிறது. சாதாரண தரச் சான்றிதழை மட்டும் காட்டினால் இரண்டுக்கும் வேலை கிடைக்காது என்பதையும் அண்ணியிடம் சொன்னேன். அது அவ்வளவாக எடுபடவில்லை.

கடைசியில் இரண்டு பாடத்தின் கடந்தகால வினாத்தாள்களையும் பெறாமகளிடம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி செய்யச் சொன்னேன். எண் மாற்றத்தை இருபது நிமிடத்தில் பிழையில்லாமல் முடித்துவிட்டு, விளம்பரம் பற்றிய கேள்விக்கு ஒன்றரை மணித்தியாலம் எழுதிக்கொண்டே இருந்தாள். தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. படிவத்தில் ஊடகம் என்று நிரப்பினோம். அண்ணி இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.