ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மெஷின் கடைக்குப் போகாதீர்கள்

ஒரு காது ஒரே நாளில், அல்லது இரண்டு மூன்று நாளுக்குள், கேட்காமல் போவது அவசர வருத்தம். நெஞ்சு நோவுக்கு எப்படி ஓடுவோமோ அப்படி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது. வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் அவருக்கு இரண்டு காது மெஷின் விற்றார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. பெயரைவிட அங்கே நடந்தது எப்படி என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும். இதே மாதிரி வேறு இடத்திலும் நடக்கலாம்.

மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சீனி வருத்தம் இருக்கிறது, மருந்தோடு கட்டுப்பாடாக வைத்திருக்கிறார். ஒருநாள் காலையில் போனை வலது காதில் வைத்தால் மறுபக்கம் ஒரு சத்தமும் இல்லை. போன் பழுது என்று நினைத்துக்கொண்டு இடது காதுக்கு மாற்றியிருக்கிறார். அதில் தெளிவாகக் கேட்டது. வலது காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது, உள்ளே இடைவிடாத இரைச்சல், எழுந்து நடந்தால் இலேசான தள்ளாட்டம். குளிர் பிடித்திருக்கும் அல்லது குறும்பி அடைத்திருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். பார்மசியில் குறும்பி கரைக்கும் சொட்டு மருந்தும் தலைச்சுற்றுக் குளிசையும் கொடுத்தார்கள். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த ஆள் இல்லை.

சொட்டு மருந்தால் ஒன்றும் ஆகாததால், காலி வீதிக்குப் பக்கத்தில் 'இலவச செவிப்பரிசோதனை' என்று போர்டு போட்ட இடத்துக்கு மாமியும் மாமாவும் போனார்கள். வெள்ளைக் கோட் போட்ட இளைஞர் ஒருவர் பார்த்தார். அவர் டொக்டர் என்று மாமி கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

பரிசோதனை நடந்த இடம் முன்பக்கத்தில் கண்ணாடி போட்ட சிறிய அறை. புழுக்கமாக இருந்ததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்களாம். வெளியே பஸ்ஸும் ஓட்டோவும் போய்க்கொண்டிருந்தன. காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு திரையில் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டி, "அங்கிள், ரெண்டு காதிலயும் நரம்பு பலவீனம். வயசுக்கு வாறதுதான். இப்பவே மெஷின் போடாட்டி நல்ல காதும் பழுதாப் போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் கழிவு என்று சொல்லி, இரண்டு மெஷின் 270,000 ரூபாவுக்கு. மாமி அந்த இடத்திலேயே முற்பணம் கட்டினார்.

எப்போது தொடங்கியது, மெல்ல மெல்லக் குறைந்ததா, ஒரே நாளிலா? இந்த ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. என் கோபம் முழுக்க இங்கேதான். கேட்டிருந்தால், "போன கிழமை வியாழக்கிழமை காலையில்" என்று மாமா நாளோடும் நேரத்தோடும் சொல்லியிருப்பார். செவிப்புலன் படித்த எவருக்கும் அந்தப் பதில் போதும். விற்பதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பியிருப்பார்கள்.

மெஷின் போட்ட பிறகு மாமாவுக்கு வலது காதில் சத்தம் வந்தது, சொல் வரவில்லை. கரகரவென்று ஏதோ கேட்கும், யார் என்ன கதைக்கிறார்கள் என்று விளங்காது. இடது காதில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடத் தலைக்குள் அடித்தது. திரும்பப் போய்ச் சொன்னால், "பழகப் பழகச் சரியாகும், மூன்று மாதம் விடாமல் போடுங்கோ" என்றார்கள். பதற்றப்பட்டு ஓட வேண்டிய நாட்களை மாமா பொறுமையாகப் பழகிக் கழித்தார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது தாதியாக வேலை செய்யும் என் தங்கச்சி. வீட்டுக்கு வந்தவள், "மாமா, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' எண்டு முனகுங்கோ. எந்தக் காதில கூடக் கேக்குது?" என்று கேட்டாள். மாமா முனகிப் பார்த்துவிட்டு இடது காதைத் தொட்டார். அவள் முகம் மாறிவிட்டது.

இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒரு காது குறும்பியாலோ சளியாலோ அடைத்திருந்தால், நாம் முனகும் சத்தம் அடைத்த காதில்தான் கூடுதலாகக் கேட்கும். விரலால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு முனகிப் பாருங்கள், தெரியும். உட்காதோ நரம்போ பழுதானால் சத்தம் நல்ல காதுப் பக்கம் போய்விடும். டொக்டர்மார் 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். முனகிப் பார்ப்பது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதற்கு ஒரு சைகை மட்டும். 'அடைத்த பக்கம்தான் கேட்கிறது, பரவாயில்லை' என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அடுத்த நாளே ஒரு நிபுணரைச் சனல் பண்ணினோம். அவர் முதலில் கேட்ட கேள்வியே எப்போது தொடங்கியது என்பதுதான். பிறகு காதுக்குள் பார்த்தார். குறும்பியே இல்லை, செவிப்பறை சுத்தமாக இருந்தது. இசைக்கவையை வைத்தார், சத்தம் இடப் பக்கம் போனது. பிறகு தடித்த கதவு போட்ட, சத்தம் புகாத அறைக்குள் வைத்து மறுபடியும் ஓடியோகிராம், அதாவது அந்தச் செவிப்பரிசோதனைக் கோட்டுப்படம், எடுக்க அனுப்பினார். அங்கே அது முடிய அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது.

இரண்டு கோட்டுப்படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கடையில் நடந்தது விளங்கியது. ஓடியோகிராமில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் புள்ளடி இடது காது. இடமிருந்து வலமாக 250 தொடக்கம் 8000 ஹேர்ட்ஸ் வரை, தடித்த சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. கடைப் படத்தில் வலது காது 70 டெசிபெல் அளவில் நின்றது. சரியான அறையில் எடுத்த படத்தில் அது 90ஐயும் தாண்டிக் கீழே கிடந்தது. கடைப் படத்தில் இடது காதின் தடித்த சத்தங்கள் 40 வரை இறங்கியிருந்தன. சரியான படத்தில் இடது காது 25ஐத் தாண்டவில்லை.

இந்த இரண்டு பிழைக்கும் காரணம் உண்டு. ஹெட்போனில் ஒரு காதுக்கு மிகச் சத்தமாகக் கொடுத்தால் அது மண்டையோடு வழியாக மற்றக் காதுக்குக் கடந்து போகும். இரண்டு காதுக்கும் 40 டெசிபெல் அளவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே இது நடக்கலாம். அதனால் பழுதான காதைச் சோதிக்கும்போது நல்ல காதுக்குள் 'ஷ்ஷ்' என்ற இரைச்சலை ஓடவிட்டு, அதைக் குறுக்கிடாமல் வைத்திருக்க வேண்டும். கடையில் அதைச் செய்யவில்லை. மாமா கை உயர்த்தியது இடது காதில் கேட்டதற்கு. அதை வலது காதின் கணக்கில் குறித்திருக்கிறார்கள். மெஷின் போட்டாலும் சொல் விளங்காத ஒரு காது, மெஷினுக்கு ஏற்ற காது மாதிரி படத்தில் தெரிந்தது அப்படித்தான். இடது காதுக் கணக்குப் பிழைத்தது திறந்த கதவால். வீதி இரைச்சல் பெரும்பாலும் தடித்த சத்தம், அது சோதனைச் சத்தத்தை மூடிவிடும். வீதியில் போன பஸ்ஸை இடது காதின் 'நரம்பு பலவீனம்' என்று எழுதி, அதற்கும் ஒரு மெஷின் விற்றுவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு சிறிய அதிர்வுக் கருவியை வைத்தும் சோதிக்க வேண்டும். அது இல்லாமல், ஹெட்போன் படத்தை மட்டும் வைத்துப் பழுது அடைப்பிலா நரம்பிலா என்று எவராலும் சொல்ல முடியாது. அப்படிச் சோதித்திருந்தால் வட்டமும் புள்ளடியும் தவிர அம்புக்குறியோ அடைப்புக்குறியோ போன்ற சின்னக் குறிகளும் படத்தில் இருக்கும். கடைப் படத்தில் அவை ஒன்றுமே இல்லை. ஆனாலும் 'நரம்பு' என்று அடித்துச் சொன்னார்கள்.

இனிச் சிகிச்சை. இப்படித் திடீரென்று காது கேட்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அகப்படாது. முதல் மருந்து ஸ்டீரொயிட். எவ்வளவு கெதியாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்க வேண்டும் என்பதே பொதுவான வழிகாட்டல். மாமா நிபுணரிடம் போய்ச் சேரும்போது அந்த இரண்டு கிழமை தாண்டிவிட்டது. பிந்திப் போனவர்களுக்கும், குளிசையால் குணம் தெரியாதவர்களுக்கும், செவிப்பறை வழியாக ஊசியால் நடுக்காதுக்குள் மருந்து விடும் முறை இருக்கிறது. தொடங்கி ஆறு கிழமை வரை அதைச் செய்து பார்ப்பதுண்டு. மாமாவுக்கு அதைத்தான் செய்தார்கள். செவிப்பறையை மரக்கச் செய்துவிட்டு மெல்லிய ஊசியால் மருந்தை விட்டார்கள். பிறகு அந்தக் காது மேலே இருக்கும்படி சரிந்து படுத்து, கதைக்காமல், எச்சில்கூட முடிந்தவரை விழுங்காமல் அரை மணித்தியாலம் கிடக்க வேண்டும். விழுங்கினால் மருந்து தொண்டைப் பக்கம் வடிந்துவிடும். சீனி வருத்தக்காரருக்கு இந்த முறையில் ஒரு நன்மை, குளிசை அளவுக்குச் சீனி ஏறாது. ஸ்டீரொயிட் குளிசையை டொக்டர் இல்லாமல் பார்மசியில் வாங்கிப் போடவே வேண்டாம். சீனி உள்ளவர்களுக்கு அது பெரிய ஆபத்து.

நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தோம். ஒரு பக்கக் காது மட்டும் இப்படிப் போனால் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. நல்ல காலம், கட்டி இல்லை. தடித்த சத்தங்கள் கொஞ்சம் திரும்பி வந்திருக்கின்றன. சொல் விளங்குவது திரும்பவில்லை, இரைச்சல் இருக்கிறது. நேரத்துக்குப் போயிருந்தாலும் காது திரும்பியிருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. நிபுணரும் அதை மறைக்காமல் சொன்னார். சிலருக்கு மருந்தில்லாமலே திரும்பும், சிலருக்கு என்ன செய்தும் திரும்பாது. ஆனால் மாமாவுக்கு இருந்த நல்ல சந்தர்ப்பத்தை விற்பனைக்காகப் பறித்தார்கள். அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

மற்றக் காதும் போய்விடும் என்று பயங்காட்டியது பொய். ஒரு காதுக்கு மெஷின் போடாததால் மறு காது செவிடாகாது. காது மெஷினே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதோடு மெல்ல மெல்லக் குறையும் செவிப்புலனுக்கு அது அருமையான உதவி, என் அம்மம்மா அதோடுதான் கடைசிவரை எல்லோரோடும் கதைத்தார். ஆனால் முதலில் நிபுணர், அப்புறம் சத்தம் புகாத அறையில் முழுப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் விலை. சோதிக்கிறவரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்பதில் வெட்கமில்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. படித்தவர் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்.

காசில்லை என்று தயங்கவும் தேவையில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, சிகிச்சை இலவசம். போனால் 'காது அடைப்பு' என்று மட்டும் சொல்லாதீர்கள், சாதாரண வரிசையில் விட்டுவிடுவார்கள். 'இந்த நாள், இந்த நேரத்திலிருந்து ஒரு காது திடீரென்று கேட்கவில்லை' என்று சொல்லுங்கள். கூடவே முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கைகால் சோர்ந்தாலோ அது மூளைப் பக்கப் பிரச்சினையாக இருக்கலாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

காசைத் திருப்பிக் கேட்டபோது, மெஷினை மாமாவின் காதுக்கென்றே புரோகிராம் பண்ணிவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். பற்றுச்சீட்டில் மெஷினின் தொடர் இலக்கம்கூட எழுதப்படவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதம் பழகிப் பாருங்கோ என்று கடையில் சொன்னால் அந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள். இரண்டு ஓடியோகிராம்களின் பிரதிகள், பற்றுச்சீட்டு, நிபுணரின் கடிதம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். கடைப் படத்தை வாங்கிக்கொள்ள மாமி பிடிவாதமாக நின்றார். பரிசோதனை இலவசம், படம் தருவதில்லை என்றுதான் முதலில் சொன்னார்களாம். அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் எங்களிடம் ஒப்பிட்டுக் காட்ட ஒன்றுமே இருந்திருக்காது. இலவசமோ காசு கட்டியதோ, படத்தைக் கையில் வாங்காமல் எந்த இடத்திலிருந்தும் எழும்ப வேண்டாம். தர மறுத்தால் திரையையாவது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.