சீறும் பால் பைத்தான் குட்டியோடு மூன்று ஆண்டுகள்

பால் பைத்தான் (ball python) என்கிற, பந்தாகச் சுருளும் வெளிநாட்டு மலைப்பாம்பின் குட்டியை வாங்கி, அது கையைக் கண்டாலே பாய்கிறது என்று தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் ஒன்று மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வளர்கிறது. ஆண், பெயர் கருப்பட்டி. வந்த புதிதில் பெட்டி மூடியில் விரல் பட்டாலே சீறுவான். இப்போது என் முன்கையில் சுற்றிக்கொண்டு வீடு முழுக்க வருகிறான். இந்த மாற்றத்தில் என் கைப்பழக்கத்துக்குக் கால்பங்குதான் பேர். முக்கால்பங்கு அவன் இருக்கிற பெட்டியைச் சரியாக அமைத்ததால் வந்தது. குட்டி கடிக்கிறதே என்று கையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பெட்டியைப் பாருங்கள்.

இந்த இனம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. எலி வளையிலும் கரையான் புற்றிலும் பகலைக் கழித்துவிட்டு இரவில் இரை தேடும். நூறு கிராம் எடையுள்ள குட்டியை மேலிருந்து பறவை தூக்கும், பக்கத்திலிருந்து வேறு பிராணி பிடிக்கும். அதனால் மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்கு எமன்தான், நம் கை உட்பட. வளர்ந்தவை பெரும்பாலும் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். குட்டிகள் பல எதிர்த்து நிற்கும். கருப்பட்டி எதிர்ப்பதைப் பல மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் நாக்கு நீட்டுவது நின்றுபோகும். பிறகு கழுத்து இரண்டு மடிப்பாக மடிந்து பின்னுக்குப் போகும், தலை மட்டும் என் பக்கமே இருக்கும். விலா உப்பும். சைக்கிள் ட்யூபில் வால்வைப் பிடுங்கியது போல ஒரு சத்தம் வரும். இதில் எந்தக் கட்டத்தில் கையை நிறுத்துகிறோம் என்பதில் பாதி வேலை அடங்கியிருக்கிறது. நாக்கு நின்றதுமே நானும் நின்றுவிடுவேன். கையை வெடுக்கென்று இழுப்பதும் கூடாது. அப்படியே அசையாமல் வைத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் நாக்கு மறுபடி வெளியே வரும். அதுதான் அவன் தருகிற அனுமதி.

கடித்தால் என்ன ஆகும் என்பதுதான் எல்லோருக்கும் பெரிய பயம். விஷம் கிடையாது. பற்கள் ஊசி போல மெலிதாக, உட்பக்கம் வளைந்து இருக்கும். பயத்தில் கடித்தால் உடனே விட்டுவிடும், புள்ளி புள்ளியாக ரத்தம் வரும், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இரை என்று நினைத்துக் கடிப்பது வேறு ரகம். அப்போது பிடியை விடாது, உடலையும் சுற்றும். பிடித்து இழுத்தால் நம் தோலும் கிழியும், அதன் பல்லும் முறியும். பொறுமையாக இருந்து குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றினால் விட்டுவிடும்.

சரி, பெட்டிக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கிற வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அவர்களுக்குச் சூடேற்றுவதே முழு நேரக் கவலை. எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மார்கழி, தையில் கிழக்குக் காற்று நாள் முழுக்க அடித்து உதட்டையே வெடிக்க வைக்கும். ஆனியில் மழை பிடித்தால் துவைத்த துணி காயாது. குட்டிக்கு வேண்டியது ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 வரை. ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. ஒரே பெட்டியை ஆண்டுக்கு மூன்று விதமாக மாற்றினால்தான் இங்கே இது நடக்கும். கோடையில் மின் சூட்டுப் பாயை அணைத்துவிட்டுப் பெட்டியை ஓடு வேய்ந்த வடக்கு அறைக்கு மாற்றுவேன். காற்றுக் காலத்தில் மறைவிடத்துக்குள் ஈரப் பாசி வைப்பேன். மழைக்காலத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைச் சின்னதாக்கி, காற்றோட்டத் துளைகளை முழுக்கத் திறந்துவிடுவேன். வெப்பமோ ஈரப்பதமோ தவறிய நாட்களில் அவன் சீறுவது கூடும் என்பதை மூன்று ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வாங்கிய பொருட்களில், சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டுக்கு முதல் இடம் தருவேன். அது இல்லாத சூட்டுப் பாய் பாம்பின் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கும், பாம்பு நகராமல் அங்கேயே கிடக்கும். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். டிஜிட்டல் ஈரமானியும் நன்றாக உழைக்கிறது. முள் வைத்த வட்ட மீட்டர் ஒன்று சும்மா கிடைத்தது, அது காட்டும் அளவை நம்ப முடியவில்லை. மறைவிடத்துக்கு விலை உயர்ந்த பிளாஸ்டிக் குகை எதுவும் தேவைப்படவில்லை. வாய்ப்பகுதியை உடைத்துத் தேய்த்த பூந்தொட்டிகள் இரண்டைக் கவிழ்த்து, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று வைத்தேன். உடம்பின் எல்லாப் பக்கமும் மண் சுவர் உரசுகிற அளவில் இருக்க வேண்டும், விசாலம் கூடாது. தரைக்குத் தேங்காய் மட்டைச் சில்லு. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகள் நிறைய இருப்பதால் மூட்டையாகவே கிடைக்கிறது. உப்புப் போக மூன்று நான்கு தண்ணீரில் அலசிக் காய வைத்துப் போடுகிறேன். இத்தனையும் செய்து, பெட்டியின் மூன்று பக்கத்தையும் அட்டையால் மறைத்து, காய்ந்த கிளைகளையும் பிளாஸ்டிக் இலைகளையும் நெருக்கி வைத்த பிறகு, நான் கையே வைக்காமல் இருந்தபோதே மூடி திறந்தால் வரும் சீற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது.

கை வைப்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்திருந்தேன்: அடுத்தடுத்து மூன்று முறை போட்ட இரையை ஒழுங்காகத் தின்ன வேண்டும். பட்டினி கிடக்கிற குட்டியைத் தூக்கிப் பழக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்புறம் கொக்கி. இரும்புக் கம்பியை வளைத்த சின்னக் கொக்கியால் நடு உடலை மெதுவாகத் தொட்டு, ஒரு நொடி நிறுத்துவேன். இரை வரும்போது கொக்கி வராது, கொக்கி வந்தால் இரை வராது என்று பாம்பு பழகிக்கொள்கிறது. பிறகு பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக, வயிற்றுக்கு அடியில் கையை விட்டுத் தூக்க வேண்டும். தலையைப் பிடிக்கவே கூடாது. ரொம்ப முறுக்கிக்கொண்டிருக்கும் நாளில் பழைய பருத்தித் துண்டைத் தலைமேல் லேசாகப் போட்டுத் துண்டோடு தூக்கிவிடலாம். கண் மறைந்ததும் உடல் தளர்வதைக் கையிலேயே உணரலாம். தடித்த தோல் கையுறை வேண்டாம், பாம்பு இறுகுகிறதா தளர்கிறதா என்பது அதில் தெரியாது.

முதலில் ஐந்து நிமிடம், வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், அதுவும் பகலில். இரவு அதன் வேட்டை நேரம். தின்ற பிறகு 48 மணி நேரம் தொடுவதே இல்லை, கக்கிவிடும். திரும்ப வைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சீறியதும் பெட்டிக்குள் போட்டால், சீறினால் காரியம் நடக்கும் என்று ஆகிவிடும். மடியில் வைத்து அசையாமல் இருந்து, அது கொஞ்சம் அடங்கி நாக்கு நீட்டத் தொடங்கியதும் வைத்துவிடுவேன். அதற்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதும் தப்பு.

அம்மிச்சி எங்களோடுதான் இருக்கிறார். "ஏஞ்சாமி, பூச்சிய வூட்டுக்குள்ள வெச்சிருக்கறயே, ராத்திரி வெளிய வந்துருச்சுன்னா?" என்று முதல் வாரம் தூங்கவே இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்றைக்கே மூடிக்கு இரண்டு கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டேன். பாம்பு வளர்க்கிற எல்லா வீட்டிலும் பூட்டு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அப்படித்தான். ஊர்வனவற்றில் சால்மொனெல்லா கிருமி இருக்கும் என்பதால் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை, அக்கா மகன் எவ்வளவு அழுதாலும் சரி.

இரைக்கு உறைய வைத்த எலி. குளிர்பெட்டியில் மெல்ல உருக வைத்து, பிறகு சுடுதண்ணீரில் பையோடு போட்டுச் சூடேற்றி, நீளமான இடுக்கியால் நீட்டுவேன். மேலுதட்டில் வெப்பம் உணரும் குழிகள் இருப்பதால் ஆறிப்போன எலியைச் சீண்டாது. பெட்டிக்குள் வரும் கையை இரை என்று நினைத்துவிடக் கூடாது என்று, தனி டப்பாவில் இரை போடச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தின்று முடித்து இன்னும் வேட்டை வேகத்தில் இருக்கும் பாம்பைக் கையால் தூக்கித் திரும்ப வைக்க வேண்டியிருக்கும், கடி வாங்க அதைவிட நல்ல வழி இல்லை. கொக்கிப் பழக்கமே போதும்.

இத்தனைக்குப் பிறகும் தோல் உரிக்கும் சமயத்தில் பழைய கருப்பட்டி திரும்பி வந்துவிடுவான். கண் பால்நீலமாக மங்கிப் பார்வை குறையும்போது யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்யும். அந்த நாட்களில் தண்ணீர் மாற்றுவதோடு சரி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே எழுதியது எதையும் தோட்டத்தில் பார்க்கிற பாம்பிடம் செய்து பார்க்காதீர்கள். எங்கள் பக்கம் கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தூக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் உடலில் திட்டுத் திட்டாக வரும், ஆனால் விரியன் கடித்தால் உயிர் போகும். கேரள வனத்துறையின் சர்ப்பா செயலியில் தெரிவித்தால் பயிற்சி பெற்றவர்கள் வந்து பிடித்துப் போவார்கள். நம் மலைப்பாம்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைப்பது குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம் என்றாலும் கணக்கில் வர வேண்டும். 2024 இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கருப்பட்டியைப் பதிவு செய்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் பண்ணையில் பிறந்த குட்டிதானா, என்னென்ன தேதியில் என்ன தின்றது, பதிவுக்கு வேண்டிய காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் எவ்வளவு அழகான நிறத்தில் காட்டினாலும் வாங்காதீர்கள். இருபது, முப்பது ஆண்டு வாழும் பிராணி இது.